குடைக்குப் பாரம் வைத்த கதை

போன வாரம் மொட்டைமாடியில் பழைய சாமான்களை ஒதுக்கும்போது துருப்பிடித்த முக்காலி ஒன்று கையில் தட்டுப்பட்டது. டிடிஎச் குடையைத் தாங்கிய கால் அது. 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. வீடு மாறும்போதும் ஏனோ தூக்கிப் போட மனசு வரவில்லை. அன்றைக்கு நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் கதை 250 வருஷம் பின்னால் போய் நிற்கிறது.

1761 ஜனவரி 1. புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் தரையிலும் கடலிலும் முற்றுகை இட்டிருந்த நேரம். லாலி கோட்டைக்குள் இருக்கிறார். கரைக்கு எதிரே அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. அன்றிரவு பெரும்புயல். ஸ்டீவன்ஸ் தன்னுடைய நார்ஃபோக் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் கடலுக்குள் ஓடினார், தப்பினார். மற்றவர்களுக்கும் அப்படியே செய்யச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த இருட்டிலும் மழையிலும் யார் கண்ணுக்குத் தெரியும்? ட்யூக் ஆஃப் அக்விடேனும் சண்டர்லாண்டும் மூழ்கின. நியூகாசில் உட்பட மூன்று கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. ஆனாலும் முற்றுகை நிற்கவில்லை. அதே மாதம் புதுச்சேரி விழுந்தது, ஊரும் இடிக்கப்பட்டது. பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் 1765-ல் ஊரைத் திரும்பப் பெற்றுக் கட்டி எழுப்பிய கவர்னர் ழான் லா. எங்கள் லாஸ்பேட்டைக்கு அவர் பெயரால்தான் பெயர் வந்தது என்பார்கள்.

இந்தக் கப்பல் கதையை நான் படித்தது தானே புயலுக்குப் பிறகுதான். முன்பே படித்திருந்தாலும் புத்தி வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இனி குடையின் கதை. இந்தியக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி முதலில் வந்தது 1975 ஆகஸ்ட் 1-ல். நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 'சைட்' திட்டத்தில் ஒரு வருஷம் ஒளிபரப்பு நடந்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. அந்தக் கிராமங்களில் வைத்த 3 மீட்டர் குடைகள் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையால் செய்தவை. செலவு குறைவு, எடை குறைவு, காற்றும் ஓரளவு ஊடே போய்விடும். அலையின் நீளத்தைவிட ஓட்டை மிகச் சிறியதாக இருந்தால் போதும், அலைக்கு அது முழுத் தகடு மாதிரிதான். சைட் பயன்படுத்திய 860 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். கோழிவலை தாராளமாகப் போதும்.

1991-ல் வளைகுடாப் போரும் ஸ்டார் டிவியும் வந்தன, 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. ஊரெல்லாம் கேபிள்காரர்கள் மாடியில் எட்டு அடி, பன்னிரண்டு அடிக் குடைகள் முளைத்தன. அது சி-பேண்ட், அலைநீளம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கும் சல்லடை போன்ற வலை செல்லும். பெரிய குடைக்குக் காற்று எப்பேர்ப்பட்ட எமன் என்று கேபிள்காரர்களுக்குத் தெரியும். புயல் என்று ரேடியோ சொன்னால் குடையை மல்லாத்தி வானத்தைப் பார்க்க வைத்து, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். தெருவே திட்டும், படம் வராது. அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

தனியார் டிடிஎச், அப்புறம் 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் என்று வந்தபோது குடை 60 சென்டிமீட்டராகச் சுருங்கியது. கேயு-பேண்ட், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். இதற்கு முழுத் தகடாகவே செய்தார்கள். காற்று ஊடே போகாது. அதோடு குடை வீட்டுக்கு ஒன்றாகிவிட்டது. அதைக் காவல் காக்கக் கேபிள்காரர் இல்லை, நாம்தான்.

நான் அப்போது லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருந்தேன். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் முக்காலி. அதன் மேல் இரண்டு மணல் மூட்டை, ஒவ்வொன்றும் 15 கிலோ இருக்கும். சாதாரண நாளில் குடை அசையவே அசையாது. அந்த நம்பிக்கைதான் கெடுத்தது.

பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் 60 செ.மீ. குடையைத் தள்ளும் விசை மூன்று கிலோ எடைகூட இல்லை. 120 கிலோமீட்டரில் ஏறக்குறைய 25 கிலோ. குடையின் நடு, தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், முக்காலியின் கால் நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி. கவிழாமல் இருக்க விசையைப் போல இரண்டு பங்கு, அதாவது 50 கிலோ பாரம் வேண்டும். என்னிடம் இருந்தது 30. அது 90 கிலோமீட்டர் வரை தாங்கியிருக்கும். தானேயில் 120 முதல் 140 வரை அடித்தது.

எச்சரிக்கை இரண்டு நாளாக இருந்தது. ஏன் இறக்கவில்லை? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புயல் செய்தியை டிவியில் பார்க்கத்தான். ராத்திரி கரண்ட் போனது. அப்போதாவது மேலே போயிருக்கலாம். மழைக்குச் சோம்பல்.

விடியற்காலை எட்டிப் பார்த்தேன். குடை நின்றுகொண்டிருந்தது. தப்பிச்சுது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். நம் ஊரில் அந்தக் குடை தென்கிழக்கு வானத்தைப் பார்க்கும். புயல் நமக்குத் தெற்கே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அப்படி ஏறும்போது நமக்குக் காற்று முதலில் வடக்கு, வடகிழக்கிலிருந்து அடிக்கும். அது குடையின் முதுகிலும் பக்கத்திலும் பட்டு வழுக்கிப் போகும். மையம் உள்ளே போன பிறகு காற்று கிழக்காகி, தென்கிழக்காகத் திரும்பும். அது நேரே குடையின் குழிக்குள் வந்து விழும். முதுகைவிடக் குழிவான பக்கம் காற்றை அதிகம் பிடிக்கும். என் குடை போனது, புயல் கரை ஏறி முடித்த பிறகு.

போய் விழுந்தது பின்சந்தில் இருந்த ஒரு ஆயாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில். ஷீட் உடைந்து, பேரன் படுத்திருந்த பாய்க்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஓடிப் போனேன். பையன் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காயம் ஒன்றுமில்லை. ஷீட்டுக்குப் பணம் தருகிறேன் என்றேன். "பணம் கெடக்கட்டும் தம்பி. நேத்தே எறக்கி வச்சிருக்கலாம் இல்ல?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஷீட் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

கப்பல் கதையைப் படித்தபோது எனக்கு ஆயாவின் குரல்தான் கேட்டது. நங்கூரக் கயிற்றை வெட்டுகிறவனுக்குக் கயிறும் நங்கூரமும் நஷ்டம், ஆனால் கப்பல் மிஞ்சும். குடையை இறக்குகிறவனுக்கு ஒரு ராத்திரி செய்தி நஷ்டம். பாரத்தை நம்புவதென்றால் எந்த வேகம் வரைக்கும் என்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இறக்கி வைத்துவிட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று தானே அளவுக்கு இல்லை, மழைதான் ஊரை முழுக்கியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். அதற்கு முந்தின நாள் மத்தியானமே புது வீட்டுக் குடையைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். இந்தக் குடை சுவரில் நாலு போல்ட் போட்டு முறுக்கியது, சொந்தச் சுவர். கழற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம். மறுபடி மாட்டித் திசை சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

முக்காலியை இந்த முறையும் காயலான் கடையில் போடவில்லை. துருவைச் சுரண்டி, மேலே ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறேன்.