கம்மஞ்சோறும் இளவட்டக்கல்லும்

இரண்டு தலைமுறைக்கு முன்பு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் நெல்லுச்சோறு என்பது திருநாள் சமாச்சாரம். தீபாவளி, பொங்கல், வீட்டில் ஒரு கல்யாணம், இல்லையென்றால் யாருக்காவது காய்ச்சல். இதில் ஏதாவது ஒன்று வந்தால்தான் அடுப்பில் அரிசி ஏறும். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் எழுத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு புதிதல்ல.

காரணம் மண்தான். வைப்பாறு விளாத்திகுளத்தை ஒட்டித்தான் போகிறது. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். வடகிழக்குப் பருவமழை தரும் ஈரத்தைக் கரிசல் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ள, அதை நம்பிப் புரட்டாசியில் விதைத்துத் தையிலும் மாசியிலும் அறுப்பார்கள். கண்மாய்ப் பாசனம் உள்ள சில துண்டு நிலங்களைத் தவிர நெல்லுக்கு அங்கே இடமில்லை. வெள்ளைக்காரன் 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் பண்ணை தொடங்கியதும் இந்த மானாவாரி மண்ணின் போக்கைப் படிக்கத்தான். அதே பண்ணை இன்று ஆராய்ச்சி நிலையமாக இருந்து சோள ரகங்களை வெளியிட்டு வருகிறது.

கம்பு வாய்க்குப் போகும் முன் உடம்பைப் பிழிந்தெடுத்துவிடும். தானியத்தில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டு, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றுலக்கை போடுவார்கள். தொலி கழன்றதும் சுளகில் புடைப்பு. மறுபடி உரல், மறுபடி குத்து. குருணை வேறு, மாவு வேறாகப் பிரிந்த பிறகு, குருணையை முதலில் கொதிக்கவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, அடி பிடிக்காமல் துடுப்பால் கிண்டி இறக்க வேண்டும். ராத்திரிச் சோறு போக மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் விடிந்ததும் கரைத்துக் குடிக்கக் கஞ்சி. வெஞ்சனத்துக்குச் சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ காணத்துவையலோ போதும்.

சத்துக் கணக்கு பின்னால் வந்தது. நூறு கிராம் கம்பில் ஏறக்குறைய 11 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் உண்டு. தீட்டிய அரிசியில் புரதம் 8 கிராமைத் தொடுவதில்லை. நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து கம்பில் ஒன்பது மடங்குக்கு மேல்.

அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஆம்பளை எவ்வளவு நடந்தான்? நாட்டுக் கலப்பையின் சால் அரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரை ஒரே ஒரு தடவை உழுது முடிக்க மாடுகளுக்குப் பின்னால் 26 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஈரக் கரிசல் காலைச் சும்மா விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டி மண் பாதத்தோடு கிளம்பி வரும். கிணறு இருந்த இடத்தில் கமலை இறைப்பு வேறு. தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள் பெண்கள். அந்த நடையை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இத்தனைக்கும் மேல் பொழுதுபோக்கும் உடம்பை வைத்துத்தான். தென்மாவட்ட ஊர்ப் பொதுவிடங்களில் உருண்டையாக ஒரு கல் கிடக்கும், இளவட்டக்கல். குனிந்து கட்டிப்பிடித்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். பொங்கலுக்கு இந்தப் போட்டி இன்றும் சில ஊர்களில் நடக்கிறது. நெல்லைப் பக்கத்து வடலிவிளையில் பெண்களும் தூக்குகிறார்கள். சிலம்பமும் சடுகுடுவும் இல்லாத ஊர் குறைவு. கோவில்பட்டி வட்டார ஜமீன் கோடாங்கிபட்டியின் தேவராட்டமோ, உறுமிச் சத்தத்துக்கு விடியவிடிய ஆடினாலும் கால் ஓயாத ஆட்டம். பாஞ்சாலங்குறிச்சி 1801-இல் வீழ்ந்து, அந்த வருஷக் கடைசியில் ஆயுதம் வைத்திருக்கவே கும்பினி தடை போட்ட சீமை இது. உடற்பழக்கம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் பொற்காலம் என்று பாடிவிடுகிற ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. அது பொய். 1940-களில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. சோளமே கதியென்று கிடந்த தக்காண ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் இருப்பதை 1960-களில் ஹைதராபாத்தில் சி. கோபாலன் ஆராய்ந்து எழுதினார். கரிசல்காரர்கள் கம்பு தின்றது ஞானத்தால் அல்ல, வேறு வழியில்லாததால். உழைத்ததும் அப்படியே. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டமாதிரி கிடந்தன. உள்ளே போனது அன்றன்றைக்குச் செலவானது.

கட்டு அவிழ்ந்த கதை அரிசியில் தொடங்குகிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி முழக்கமானது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம். பசியை ஒழித்த திட்டத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். கல்யாணத்துக்கு மட்டும் வந்த சோறு தினமும் தட்டில் விழுந்ததை அந்தத் தலைமுறை கொண்டாடியது நியாயம்தான்.

அதே காலத்தில் உழைப்பு கழன்றுகொண்டது. கலப்பைக்கு டிராக்டர், கமலைக்கு மோட்டார், உரலுக்கு மாவுமில். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். புஞ்சையில் கம்பு நின்ற இடத்தை மக்காச்சோளம் பிடித்தது; அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அரிசி கூடியது, அசைவு குறைந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னபோது, தமிழ்நாடு தேசிய சராசரிக்கு மேலே நின்றது. அதே வருஷம் நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசே குறித்துக்கொடுத்தது.

கட்டை மறுபடி போட முடியுமா? கோவில்பட்டியில் ஒரு மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊருக்கு ஹாக்கி மூன்றாவது அடையாளம். செயற்கைப் புல்தரையும், அரசின் விளையாட்டு விடுதியும், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியும் அங்கே உண்டு. உள்ளூர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயின்ற கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலம் வாங்கினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். வேர்க்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மைதானத்தில் ஓடுகிற பையனுக்கு அது நல்ல தீனி. நாற்காலியில் இருந்தபடியே ஒரு பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ள அரசு வழி செய்தது. விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டங்களின் ரேஷன் கடைகளில் அதே ஏற்பாட்டைக் கம்புக்கும் குதிரைவாலிக்கும் செய்து, சரக்கை உள்ளூர் மானாவாரி விவசாயியிடமே கொள்முதல் செய்யலாம். கூடவே ஒவ்வொரு ஊராட்சியிலும் சாயங்காலம் பிள்ளைகள் ஓடியாட ஒரு மைதானமும், அதற்கு விளக்கும் தேவை. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்மானமாகக் கேளுங்கள்.