வாசிக்கக் கேட்டுச் சுற்றிய சுருட்டு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகன், திரும்பிப் போகிற அன்று ஒரு சிறிய அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தான். “மாமா, இது ஹவானாச் சுருட்டு. நீங்க புகைக்கிறத விட்டது தெரியும். ஒண்டப் பத்திப் பாருங்க, சரித்திரம் எழுதுற ஆள்தானே” என்றான். உள்ளே மூன்று மொன்டேகிறிஸ்டோ, இலக்கம் 4. புகைப்பதை நான் விட்டு இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பெட்டி இரண்டு மாதங்கள் அலுமாரியில் கிடந்தது. சென்ற ஞாயிறு ளுஹருக்குப் பின் வீட்டில் எவருமில்லாத வேளையில் ஒன்றை எடுத்துக்கொண்டு பின் விறாந்தைக்குப் போனேன்.

129 மில்லிமீற்றர் நீளம். ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் தடிப்பு. விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். எங்கும் கட்டியில்லை, எங்கும் வெறுமையுமில்லை. நல்ல கை சுற்றியிருக்கிறது. பற்ற வைக்குமுன் முகர்ந்தால் காய்ந்த வைக்கோலும் கொக்கோவும் கலந்த ஒரு வாசம். முதல் சில இழுப்புகளில் மிளகுக் காரம்; பிறகு அது அடங்கி, வறுத்த கோப்பியின் மணம். புகையை நெஞ்சுக்குள் எடுக்கக் கூடாது. வாயில் நிறுத்தி வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். சாம்பல் சாம்பல்வெள்ளையாக உதிராமல் நின்றது.

இந்தச் சுவை ஓரிலையின் சுவையன்று. கியூபாவின் மேற்கே பினார் டெல் ரியோ மாகாணத்து மண்ணில் விளையும் புகையிலைச் செடியில் உச்சி இலை காட்டமானது, மெதுவாக எரியும். நடு இலை மணம் தரும். அடி இலை தீயைப் பிடித்து வைக்கும். இவற்றை அளவறிந்து சேர்த்து, கட்டிலையால் சுற்றி, அதன்மேல் மெல்லிய மேலிலையைப் போர்த்துகிறார்கள். மேலிலைக்கான செடிகளைத் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கிறார்கள். முடிவில் எல்லாம் ஒருவருடைய பத்து விரல்களிலும், ‘சவேற்றா’ எனப்படும் பிறை வடிவக் கத்தியிலும்தான் தங்கியிருக்கிறது.

சுருட்டின் வரலாற்றில் எமக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியுண்டு. கிரனாடா வீழ்ந்த அதே 1492ஆம் ஆண்டு நவம்பரில், கியூபாக் கரையில் நின்ற கொலம்பஸ், தான் ஆசியாவை அடைந்துவிட்டதாக நம்பி, பேரரசன் கானைத் தேடி இருவரை உள்நாட்டுக்கு அனுப்பினான். அவர்களில் ஒருவரான லூயிஸ் டி தோரெஸ், யூதராயிருந்து மதம் மாறியவர். ஹீப்ரு மொழியோடு சிறிது அறபும் தெரியும் என்பதற்காகவே கப்பலில் ஏற்றப்பட்டவர். அவர்கள் கானைக் காணவில்லை. சுருட்டிய இலையின் நுனியில் தீ வைத்து மறுநுனியில் புகையை உறிஞ்சும் மனிதர்களையே கண்டார்கள். அந்தப் பொருளுக்குப் போர்த்துக்கேயர் சூட்டிய ‘ஷருட்டு’ என்ற பெயரும், ஆங்கிலேயரின் ‘செரூட்’ என்ற பெயரும் எமது ‘சுருட்டு’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனவை. இலை அங்கிருந்து வந்தது. சொல் இங்கிருந்து போனது.

ஆனால் அன்று பிற்பகல் என் சிந்தனையைப் பிடித்துக்கொண்டது பெட்டியில் அச்சிட்டிருந்த பெயர்தான். 1935இல் தொடங்கிய இந்தச் சுருட்டுக்கு அலெக்சாந்தர் துமாவின் நாவலொன்றிலிருந்து பெயர் வந்தது. சுருட்டுச் சுற்றும் தொழிலாளருக்கு மிக விருப்பமான கதை அது என்பதால் அப்பெயரை வைத்தார்கள் என்று சொல்வார்கள். தொழிலாளரில் பலருக்கு எழுத்து வாசனை இல்லாத காலத்திலேயே இத்தகைய நாவல்கள் அவர்களை அடைந்துவிட்டன. அது எப்படி?

1865ஆம் ஆண்டு ஹவானாவின் ‘எல் ஃபிகாரோ’ தொழிற்சாலையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. தொழிலாளருள் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு உரத்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவர் இழக்கும் கூலியை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். கியூபாவில் அடிமை முறை ஒழிய இன்னும் 21 வருடங்கள் இருந்த காலம் அது. அதே ஆண்டில் சத்துர்நீனோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளியான கவிஞர் ‘லா அவுரோரா’ என்ற தொழிலாளர் பத்திரிகையைத் தொடங்கி, இந்த வாசிப்புக்கு ஊக்கமளித்தார். காலப்போக்கில் வாசிப்பாளருக்கென ஒரு மேடை வந்தது. காலையில் பத்திரிகை, பிறகு நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளரே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். ஹியூகோ, துமா, சேர்வாந்திஸ், சோலா எல்லோரும் இவ்வாறு புகையிலைத் தூசுக்கிடையே வந்து சேர்ந்தார்கள். வாசிப்புப் பிடித்துவிட்டால் கத்தியால் பலகையில் தட்டுவது அவர்களின் கைதட்டல்.

தொடங்கி ஆறு மாதம் ஆகுமுன்பே, 1866 மே மாதத்தில் ஸ்பானிய ஆளுநர் இதைத் தடை செய்தார். இங்கே எனக்கு இன்னொரு தடை நினைவுக்கு வருகிறது. 1633இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடை செய்து, கோப்பிக் கடைகளையும் மூடினார். மீறியவர்களுக்கு மரண தண்டனை. தீ விபத்துக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் மனிதர் கூடிப் பேசுமிடங்கள் மீதிருந்த அச்சமே பெரிது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பின்னர் 1656இல் காதிப் செலபி தமது ‘மீஸானுல் ஹக்’ நூலில் புகையிலை பற்றிய வாதங்களை நிதானமாக எடைபோட்டு, மக்களிடம் ஊறிவிட்ட பழக்கத்தை வாளால் நீக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். இஸ்தான்பூலிலும் ஹவானாவிலும் ஆள்வோரை உறுத்தியது புகையன்று, பேச்சு.

வாசிப்பு அழியவில்லை. 1868இல் தொடங்கிய விடுதலைப் போரில் புலம்பெயர்ந்த தொழிலாளர் அதைப் புளோரிடாவுக்கும் கொண்டுபோனார்கள். 1891இல் ஹோசே மார்த்தி தம்பா நகரில் கியூப விடுதலைக்கு ஆதரவு கேட்டபோது எதிரில் நின்றவர்களில் பெருந்தொகையினர் இவ்வாறு கேட்டு வளர்ந்த சுருட்டுத் தொழிலாளரே. அதே தம்பாவில் 1931இல் முதலாளிமார் வாசிப்பாளரை வெளியேற்றினார்கள். அவர்களின் இடத்துக்கு வானொலி வந்தது. கியூபாவிலோ வாசிப்பு நிலைத்து, 2012இல் தேசிய பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. காரணம், நானும் ஒரு வாசிப்பாளனாக இருந்தவன்தான்.

பதுளைப் பக்கத்து ஒரு சிறு பட்டினத்தில் வாப்பாவுக்குத் தேநீர்க்கடை இருந்தது. வாப்பாவுக்குக் கணக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. அஸருக்குப் பின் யாழ்ப்பாணத்துச் சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு, “வாசி மன” என்பார். நான் வாங்கில் ஏறி நின்று தினகரனை உரத்து வாசிப்பேன். தோட்டத்திலிருந்து வரும் ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு கேட்டிருப்பார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான செய்தியையும் அப்படித்தான் வாசித்தேன். எனக்குப் பத்து வயது. நாடற்றவர்கள் 975,000 பேர்; 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை; மிகுதி 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசப்படும். பெரிய எண்களைத் தடுக்காமல் வாசித்துவிட்ட பெருமையில் நிமிர்ந்தேன். கடை முழுவதும் அமைதி. ஒரு முதியவர் கேட்டார்: “தம்பி, அந்தக் கணக்க இன்னொரு தடவ வாசிங்க.” வாசித்தேன். “இதுல நாங்க எந்தக் கணக்குல வர்றோம்?”

பதில் இருக்கும் என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வாப்பாவின் கையில் சுருட்டு அணைந்திருந்தது. அவர் அதை மீண்டும் பற்ற வைக்கவில்லை.

அந்த 150,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது 1974இல். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கேள்வி கேட்ட பெரியவர் அதற்கெல்லாம் வெகு முன்பே குடும்பத்தோடு தலைமன்னார்க் கப்பலேறிவிட்டார். வாப்பா நெஞ்சு நோயால் மௌத்தானார். சுருட்டுத்தான் காரணம் என்றார் டொக்டர். அதன் பிறகும் சில காலம் நான் புகைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தனியே மௌனமாக வாசிப்பவனுக்குப் பந்தி முடிந்தால் அடுத்த பந்தி வரும். உரத்து வாசிப்பவனுக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. அது கேள்வி கேட்கும். 1866இல் அந்த ஆளுநர் அஞ்சியது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

சுருட்டின் மூன்றாம் பகுதியில் காட்டம் ஏறியது. உச்சி இலையின் வேலை. நல்ல சுருட்டுத்தான்; முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய கை 100க்கு 80 புள்ளி போடும். ஆனால் முடிக்கவில்லை. சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாது, வைத்துவிட்டால் தானாக அணையும் என்பார்கள். தட்டின் ஓரத்தில் வைத்தேன். அஸர் பாங்கு கேட்டபோது அது அணைந்திருந்தது. மீதி இரண்டையும் மருமகனுக்கே திருப்பி அனுப்ப எண்ணியிருக்கிறேன்.