எண்ணெய்ப் பாறையைப் பிளந்த வரலாறு

நிலத்தின் அடியில் எண்ணெய் ஏரிபோலக் கிடக்கின்றதென எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. பாறையின் நுண்டுளைகளிலேயே அது தங்கியுள்ளது. அத்துளைகள் ஒன்றோடொன்று தொடர்புறாவிடின், கிணறு எத்துணை ஆழமாயினும் எண்ணெய் போதிய அளவு ஊறாது. பாறையைப் பிளந்து எண்ணெய்க்கு வழி காண முயன்றோரின் வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூறுவாம்.

1859 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்து ரைற்றஸ்வில் என்னும் ஊரில், எட்வின் டிரேக் என்பார் ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். 1865 இல், உள்நாட்டுப் போரிற் படை அதிகாரியாயிருந்த எட்வேட் றொபேட்ஸ், அவ்வூரின் அயலிலே கிணறொன்றில் வெடிமருந்துக் குழாயை இறக்கி வெடிக்கச் செய்தார். வெடியின் வேகம் மேனோக்கி வீணாகாதவாறு கிணற்றை நீரால் நிரப்பியமையே அவர் கண்ட நுட்பம். பயன் பெரிதாயிற்று, அவர் கேட்ட கட்டணமும் பெரிதாயிற்று. ஆதலின், அவரது உரிமையை மீறி இரவில் இரகசியமாக நைற்றிரோகிளிசரீன் வெடி வைத்தோர் பலர். அத்தொழிலில் உயிரிழந்தோரும் உளர்.

வெடியின் ஆற்றல் கிணற்றின் அயலோடு அடங்கியது. தொலைவிற் செல்லும் பிளவை உண்டாக்கப் பாய்பொருளின் அமுக்கமே ஏற்றதென்பது பின்னர் தெளிவாயிற்று. 1947 இல் ஸ்ரனோலிண்ட் கம்பனியார் கன்சாஸ் மாகாணத்து ஹியூகோட்டன் வாயு வயலில், நேப்பாம் சேர்த்துத் தடிப்பாக்கிய பெற்றோல் 1,000 கலனை உட்செலுத்தினர். விளைவு குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. எனினும் அவர்கள் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1949 மார்ச் 17 இல் ஹலிபேட்டன் கம்பனியார் ஒக்லகோமா, டெக்சாஸ் மாகாணங்களில் இம்முறையை வணிக நோக்கிற் கையாண்டனர். முதலாண்டில் 332 கிணறுகள் இவ்வாறு திருத்தப்பட்டன. விளைவு சராசரி 75 சதவீதம் உயர்ந்தது. அமுக்கம் நீங்கியதும் மேலுள்ள பாறையின் பாரம் பிளவை மூடிவிடும். பாய்பொருளோடு சென்ற மணற்பரல்களே அதனை மூடாது தாங்கின. சிறு மணலே பெரும் பாறையை வென்றது எனலாம்.

1998 இல் டெக்சாஸின் பாணெற் களிப்பாறையிற் பெரும்பாலும் நீரையே கொண்டு பிளக்கும் முறை வெற்றி கண்டது. பின்னர் உற்பத்தி பன்மடங்காயிற்று. எண்ணெயோடு மேல்வரும் உப்புநீரும் பெருகிற்று. அக்கழிவுநீரை ஆழத்திற் செலுத்தியதன் விளைவாக ஒக்லகோமாவில் நிலநடுக்கங்கள் மிகுந்தன. 2016 இற் போனி நகரருகே நேர்ந்தது 5.8 அளவினது. இம்முறை வணிகத்திற் புகுந்த மாகாணமே அதன் விலையையும் அறிந்தது. பாறையைப் பிளக்கக் கற்றது அரிய வெற்றியே; ஆயின் செலுத்திய அமுக்கம் எங்கே சென்று அடங்கும் என்பதையும் அறிந்தாலன்றி அவ்வெற்றி நிறைவுறாது.