விண்மீன் மண்டலத் தாரைகளும் கணினி உருவகப்படுத்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செயல்படு விண்மீன் மண்டலங்கள் சிலவற்றின் மையத்திலிருந்து பிளாஸ்மா ஒளிவேகத்தை நெருங்கிய வேகத்தில் தாரையாகப் பீறிட்டு, பல்லாயிரம் ஒளியாண்டுத் தொலைவு வரை பாய்கிறது. தொலைநோக்கியை வந்தடைவது அப்பிளாஸ்மா அன்று; அது உமிழும் கதிர்வீச்சே. எனவே, பிளாஸ்மாவின் ஓட்டத்தோடு கதிர்வீச்சையும் கணித்த பின்னரே கணினி உருவகப்படுத்தல் சான்றாகும் தகுதியைப் பெற்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கண்டறிதலும் கோட்பாடும்

லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஹீபர் கர்ட்டிஸ், எம்87 மண்டலத்தின் மையத்தோடு இணைந்த நேர்க்கோட்டுக் கதிர் ஒன்றை 1918ஆம் ஆண்டு பதிவு செய்தார். அதன் இயல்பு நெடுங்காலம் விளங்கவில்லை. காந்தப்புலத்தில் சுழன்றோடும் உயர் ஆற்றல் எலக்ட்ரான்களின் சிங்குரோட்ரான் கதிர்வீச்சே அவ்வொளி என ஷ்க்லோவ்ஸ்கி கருதினார். அக்கருத்துக்கு ஏற்ப, அவ்வொளியில் தளவிளைவு இருப்பதை 1956இல் வால்டர் பாடே வெளியிட்டார். இதற்கிடையே, 1953இல் ஜென்னிசனும் மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சிக்னஸ் ஏ என்னும் ரேடியோ மூலம் இரு பிரிவுகளாக அமைந்திருப்பதைக் கண்டனர். மையத்திலிருந்து இடையறாது பாயும் தாரைகளே இத்தகைய பிரிவுகளுக்கு ஆற்றல் ஊட்டுகின்றன என்னும் கோட்பாட்டை 1974இல் பிளாண்ட்ஃபோர்டும் ரீஸும், தனியே ஷூயரும் முன்வைத்தனர்.

ஓட்டத்திலிருந்து கதிர்வீச்சுக்கு

1982இல் நார்மன், ஸ்மார், விங்க்ளர், ஸ்மித் ஆகியோர் மீயொலி வேகத் தாரைகளைக் கணினியில் உருவகப்படுத்தினர். தாரை முனையின் அதிர்ச்சி அலையும், தாரையைச் சூழும் கூடு போன்ற உறையும் அதில் தெளிவாயின. எனினும் அவை அடர்த்தி, அழுத்தம் ஆகியவற்றின் படங்களே. தொலைநோக்கிப் படங்களோடு நேராக ஒப்பிடத்தக்கவை அல்ல.

1990களில் சார்பியலுக்கு உட்பட்ட ஓட்டங்களைக் கணிக்கும் நிரல்கள் உருவாயின. கோமெஸ், மார்ட்டி முதலியோர் அவ்வோட்டங்களின் சிங்குரோட்ரான் கதிர்வீச்சையும் கணித்தனர். இது எளிய மாற்றம் அன்று. நோக்குபவரை நோக்கி வரும் தாரை மிகுந்து ஒளிரும், எதிர்த்தாரை மங்கும். தாரையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து புறப்படும் ஒளி வந்துசேரும் காலமும் வேறுபடும். எனவே ஒரே ஓட்டம் நோக்கும் கோணத்திற்கேற்ப வெவ்வேறாகத் தோன்றும். ஒளியையும் விஞ்சும் வேகத் தோற்றத்தை ரீஸ் 1966லேயே முன்னுரைத்திருந்தார்.

முடிவுரை

நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு 2019இல் வெளியிட்ட எம்87 கருந்துளைப் படம், உருவகப்படுத்தலின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டியது. மாறுபட்ட மாதிரிகள் பல அப்படத்தோடு பொருந்தின. எலக்ட்ரான்களின் வெப்பநிலை நேரடியாகக் கணிக்கப்படாமல் கருதுகோளாகவே சேர்க்கப்பட்டதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இருப்பினும், சுழலாக் கருந்துளை மாதிரிகள், தாரைக்குத் தேவையான ஆற்றலைத் தராமையால் விலக்கப்பட்டன. படம் மட்டும் தீர்க்க இயலாத ஒன்றைத் தாரை பற்றிய அறிவு தீர்த்தது. கர்ட்டிஸ் கண்ட கதிர், ஒரு நூற்றாண்டுக்குப் பின் கருந்துளை மாதிரிகளைச் சோதிக்கும் அளவுகோலாயிற்று எனலாம்.