கோட்டை மான்களும் துவக்குச் சட்டமும்

கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் நம்மைப் பிரெட்றிக் கோட்டையுள் எதிர்கொள்பவை புள்ளிமான்கள். மான் சுட எத்துவக்குக்கு அனுமதியுண்டு என்ற வினாவுக்குச் சரித்திரமே விடை கூறுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை துரைமாரின் பொழுதுபோக்காயிருந்தது. சாமுவேல் பேக்கர் தம் இலங்கை வேட்டைகளை 1854இல் நூலாகவே வெளியிட்டார். கிராமத்தவரோ இடியன் துவக்கினால் பயிரையுங் காத்து, இறைச்சியுந் தேடினர். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமோ துவக்கை விட்டு நிலத்தை நோக்கிற்று: சரணாலயத்துள் வேட்டையே குற்றம். 1963இல் நமது மாவட்டத்தில் நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம் பிரகடனமாயிற்று. அதன் எல்லைக்குள் பத்திரமுள்ள துவக்காயினும், இடியனாயினும், மறைத்துவைக்கும் கட்டுத்துவக்காயினும் மானை நோக்கி நீளலாகாது.

ஆயின் கோட்டை மான்களுக்கு இன்று பெரும்பகை துவக்கன்று, பொலித்தீன் பையே. உணவு மணக்கும் பையை விழுங்கி அவை மடிகின்றன. பையை வீசுவோர் வேட்டைக்காரரல்லர். கோயிலுக்குச் செல்லும் நாமே. இதற்கு நமக்கு அனுமதிப்பத்திரம் தந்தவர் யார்? இளைஞர்காள், சிந்திப்போமாக!