ஒவ்வொன்றாக வாங்குகிறவர்கள்

எங்கள் வீட்டு ஷூ ரேக்கின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள். வீட்டிலிருக்கும் எந்த போனும் லேப்டாப்பும் வைஃபை வழியாக அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். எங்கள் துறையில் ‘நாஸ்’ என்போம். அம்மாவுக்கு அது ‘கொறிக்கிற பொட்டி’. ராத்திரியில் டிஸ்க் எழுதும் சத்தம் எலி கொறிப்பது மாதிரியே இருக்கும்.

போன மாதம் மூன்று டிஸ்க்குகளோடு நான்காவதைச் சேர்த்தேன். டிஸ்க் சொருகுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கலாம். இந்த ஒரு வேலை சாத்தியமாக ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது.

1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்று பெரிய நிறுவனங்களின் தரவு ஐபிஎம் 3380 போன்ற ராட்சத டிஸ்க்குகளில் இருந்தது. கொள்ளளவு 7,500 மெகாபைட். இன்னொரு பக்கம் பர்சனல் கம்ப்யூட்டருக்கென்று 100 மெகாபைட் குட்டி டிஸ்க்குகள் மலிவாக வந்துகொண்டிருந்தன. ஒரு யானைக்குப் பதிலாக நூறு ஆடு வாங்கிக் கட்டினால் என்ன என்பதுதான் அவர்கள் கேள்வி. சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குட்டி டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கு ஒன்று சாகும். இரண்டு வாரம்கூட இல்லை.

சாகட்டும், அதற்கும் சேர்த்தே திட்டம் போடுவோம் என்றார்கள். தரவோடு அதன் ‘கூட்டுத்தொகை’ மாதிரி ஒன்றையும் எழுதி வைப்பது. மூன்று எண்களில் 5ம் 8ம் தெரியும், மொத்தம் 20 என்றால், காணாமல்போனது 7 என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். நிஜத்தில் கூட்டல் இல்லை, பிட்டுகளை வைத்துச் செய்யும் வேறொரு கணக்கு. தத்துவம் ஒன்றுதான். இதற்கு ‘ரெய்டு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் மூன்றாவது எழுத்து ‘மலிவான’ என்ற சொல்லைக் குறித்தது. பிற்பாடு தொழில்துறை அதை ‘சார்பற்ற’ என்று மாற்றிக்கொண்டது. பெயரிலேயே மலிவு என்று இருந்தால் யார்தான் அதிக விலை கொடுப்பார்கள்?

என் முதல் பெட்டி ரெய்டில் மிக எளிய வகை. இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே தரவு. அதில்தான் அப்பாவின் கேசட்டுகளை ஏற்றியிருந்தேன். எண்பதுகளில் அப்பா டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளுக்குப் போய் வில்லுப்பாட்டு பதிவு செய்வார். மொத்தம் 43 கேசட். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஊர், தேதி, பாடுகிறவர் பெயரைத் தன் குரலில் சொல்லியிருப்பார். ஏற்றி முடித்த அடுத்த மழையில் பரணிலிருந்த கேசட்டுகள் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. கவலைப்படவில்லை. அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களைச் சுத்தம் செய்தேன். தப்பான ஃபோல்டரை அழித்தேன். நான் அழித்ததை ரெய்டு அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்தது. ரெய்டு வேறு, பேக்கப் வேறு என்று ஆபீசில் ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அத்தானிடம் ஒரு பென் டிரைவில் 29 கேசட்டின் பதிவு இருந்தது. மிச்சம் 14 போனது போனதுதான். அப்போது அப்பா உயிரோடிருந்தார். “சரி விடுல” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் இசட்எஃப்எஸ் பக்கம் வந்தேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001இல் தொடங்கி, 2005இல் மூலநிரலோடு வெளிவந்த கோப்பு அமைப்பு. டிஸ்க் சாகும் என்பது பெர்க்லிக்காரர்களின் கவலை. டிஸ்க் பொய் சொல்லும் என்பது இவர்களுடையது. கெட்டுப்போன பிட்டை நல்ல பிட் என்று சாதாரணமாக நீட்டிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டார்கள். அந்த எண்ணைத் தரவோடு வைக்காமல், அதைச் சுட்டும் மேல்துண்டில் வைத்தார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுக்காத மாதிரி. எண் பொருந்தாவிட்டால் கூட்டுத்தொகையை வைத்து அதுவே சரிசெய்துகொள்ளும். என் பெட்டியில் ஒருமுறை மாதாந்திரச் சோதனையில் ஒரே ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தியிருந்தது. அந்த அறிக்கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு முன் பழையதை மேலெழுதாமல் புது இடத்தில் எழுதும் என்பதால், நேற்றைய நிலையை அப்படியே உறையவைத்துக்கொள்ளவும் முடியும். அந்த ஞாயிற்றுக்கிழமை இது இருந்திருந்தால் 14ம் பிழைத்திருக்கும்.

ஒரே ஒரு குறை. மூன்று டிஸ்க்கில் கட்டினால் மூன்றுதான். இடம் வேண்டுமென்றால் மூன்றையும் பெரிசாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு கூட்டத்தைக் கட்ட வேண்டும். லினக்ஸின் சாதாரண ரெய்டில் ஒரு டிஸ்க்கைச் சேர்க்க முன்பே வழி உண்டு. ஆனால் பொய்யை அது பிடிக்காது. இசட்எஃப்எஸ்ஸில் மட்டும் ஏன் இத்தனை தாமதம்? சன்னின் வாடிக்கையாளர்கள் டிஸ்க்கை டஜன் கணக்கில் வாங்குகிறவர்கள். ஒரு போனஸுக்கு ஒன்று என்று வாங்குகிற ஆள் அவர்கள் கண்ணில் படவேயில்லை என்றுதான் நினைக்கிறேன். 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கி மூலநிரலை மூடியது. வெளியே இருந்தவர்கள் 2013இல் ஓபன்இசட்எஃப்எஸ் என்று கூடினார்கள். ஒற்றை டிஸ்க் சேர்க்கும் வேலையை அதே ஆரன்ஸ் கையிலெடுத்து, 2017இல் அறிவித்தார். வெளியீட்டில் வந்து சேர்ந்தது 2025 ஜனவரியில்.

கட்டளையைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி ராத்திரி முழுக்கக் கொறித்தது. மூன்று டிஸ்க்கில் இருந்ததை நான்கிலும் பரப்பிக்கொண்டிருந்தது. விடிந்து எழுந்த அம்மா, “அப்பா பாட்டெல்லாம் இருக்கால்லா?” என்றாள். 29ம் இருக்கு என்றேன். ஒரு பிரதி அத்தான் வீட்டிலும் இருக்கு என்றேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே இருந்த கோப்புகள் இடம் மாறினாலும், இரண்டு பங்கு தரவுக்கு ஒரு பங்கு கூட்டுத்தொகை என்ற பழைய கணக்கிலேயே இருக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற புதுக் கணக்குக்கு வர, அவற்றைத் திரும்பப் புதிதாக எழுத வேண்டும். சினிமா, போட்டோ எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட்டேன். அப்பாவின் ஃபோல்டர் மட்டும் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறது.