அரங்கேற்றம்: முடிவா, தொடக்கமா?

அரங்கு என்பது மேடை. அரங்கேற்றம் என்பது அம்மேடையில் முதன்முதலாக ஏறுதல். நூலுக்கும் அரங்கேற்றம் உண்டு. ஆடலுக்கும் பாடலுக்கும் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் பகர்கின்றது. புலவன் யாத்த நூலாயினும், நங்கை பயின்ற கூத்தாயினும், அறிந்தோர் அவையில் ஆராயப்பட்ட பின்னரே உலகத்தார்முன் உலவுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நெறி. எனவே அரங்கேற்றம் என்பது ஒரு வாயில். அதனைக் கடந்த பின்னரே கலைவாழ்வு தொடங்கும்.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, இப்பெருநாட்டின் பல நகரங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் இச்சொல் இன்று அடிக்கடி ஒலிக்கின்றது. எட்டு ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ நாட்டியம் பயின்ற மகளுக்கு அரங்கேற்றம் செய்து வைப்பதைத் திருமணத்திற்கு அடுத்த விழாவாகவே நம்மில் பலர் கருதுகின்றோம். ஆயின், பல இல்லங்களில் அந்த நாளே அப்பெண்ணின் கலைப்பயிற்சிக்கு இறுதி நாளாகவும் அமைந்துவிடுகின்றது. மறுவாரம் சலங்கை பெட்டிக்குள் போகின்றது. நுழைவுத் தேர்வுக்கான நூல்கள் மேசைமீது ஏறுகின்றன. தொடக்கத்தைக் குறித்த சொல் எவ்வாறு முடிவைக் குறிக்கலாயிற்று? இதற்கு விடை காண, கலைஞர்கள் முதலடி எடுத்து வைத்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மாதவி ஏறிய மேடை

இவ்வரலாற்றுக்கு நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் தலையாயது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். இளங்கோவடிகள் அவளுடைய ஆட்டத்தை மட்டும் கூறி அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்னும் அறுவருடைய தகுதிகளையும் முறையாக விரித்துரைக்கின்றார். மேடையின் அளவையும் அவர் விடவில்லை. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்பட்டது என்கின்றார்.

ஒரு சிறுமி முதலடி வைக்க, ஆறு வல்லுநரும் அளந்து கட்டிய ஓர் அரங்கும், தகுதியறிந்து பரிசளிக்கும் ஓர் அவையும் வேண்டியிருந்தன என்பது இதனால் விளங்கும். ஆட்டம் முடிந்ததும் அவளுக்குத் தலைக்கோலி என்னும் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மதிப்புடைய மாலையும் கிடைத்தன. அம்மாலை நகர நம்பியர் திரியும் மறுகில் விலை கூறப்பட்டதும், அதனைக் கோவலன் வாங்கியதும் நாம் அறிந்தவையே. மதிப்புக் கிடைத்த அன்றே அவளுக்கு விலையும் குறிக்கப்பட்டது. மேடை பெண்ணுக்கு ஈந்த பெருமையையும், அவள்மீது சுமத்திய துன்பத்தையும் அடிகள் ஒரே காதையில் அடக்கிக் காட்டிவிட்டார்.

கோயிலும் குடும்பமும்

காவியம் காட்டிய அவை அரசனுடையது. பிற்காலத்தில் கோயிலும் கலைஞரைப் புரந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கும் வழங்கப்பட்டதைக் கோயிற் கல்வெட்டு பெயர் பெயராகப் பொறித்து வைத்துள்ளது. ஒருவர் மறைந்தால் அவர்தம் உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்பதும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. குடிவழியோடு தகுதியையும் வேண்டிய ஏற்பாடு இது.

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சார்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசைமுறைக்கு வடிவம் தந்தனர். அவர்கள் வழியில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற பாலசரசுவதி 1925இல், ஏழாம் அகவையில், காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் அரங்கேறினார். அன்றைய மரபில் நட்டுவனார் மாணவியிடம் மாதச் சம்பளத்தை எதிர்பார்த்துக் கற்பித்தவர் அல்லர். அவள் பின்னர் மேடையில் ஈட்டும் பொருளில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ஆகவே அரங்கேற்றத்திற்குப் பின் அவள் தொடர்ந்து ஆடினால்தான் ஆசிரியரின் அடுப்பும் எரியும். அரங்கேற்றம் எவ்வாறு தொடக்கமாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும், இம்முறையைப் பொற்காலம் எனப் போற்றிப் பெருமூச்சு விடுதலும் பொருந்தாது. பிறந்த குலமே தொழிலை விதித்தது. பிற குலத்தார் உள்ளே நுழைய இயலவில்லை. உள்ளே பிறந்த பெண்கள் வெளியேறவும் எளிதில் இயலவில்லை.

பாய்ஸ் கம்பெனி என்னும் பள்ளி

குலவழி அல்லாத ஒரு வாயிலைத் திறந்தவை நாடகக் கம்பெனிகள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தனர். அவருள் தி.க. சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. எம்.ஜி. இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் தேர்ந்தவரே. வறுமையுற்ற இல்லத்துச் சிறுவர்க்கு அங்கே சோறும் துணியும் பாட்டும் வசனமும் ஒருங்கே கிடைத்தன. கம்பெனியே வீடு, வாத்தியாரே தந்தை.

அவ்வாழ்விலும் துன்பம் இல்லாமல் இல்லை. பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று ராஜபார்ட்டாக நின்ற சிறுவன் இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்க நேரும். ஆயினும் அங்கே முதல் மேடைக்கு மறுநாள் இரண்டாம் மேடை இருந்தது. ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர் காத்திருந்தது. நடிகனை உருவாக்கியது முதல்நாள் கைதட்டன்று; நூறாம் நாள் ஆட்டமே.

சபைகளும் புதிய மாணவியரும்

1927இல் சென்னையில் காங்கிரசு மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் கூடியது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1931இல் கல்யாணியின் பெண்கள் அகாடமியில் ஆடினர். 1935இல் ருக்மிணி தேவி, முப்பது வயது கடந்த நிலையில், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற நாட்டியத்தை அடையாற்றில் மேடையேற்றினார். மறு ஆண்டில் கலாக்ஷேத்திரம் தோன்றியது. கோயிலில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்து 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்விருபது ஆண்டுகளில் அரங்கின் வாயில் முற்றிலும் இடம் மாறிற்று. இதுகாறும் புக இயலாத குடும்பத்துப் பெண்கள் கலைக்கூடங்களில் புகுந்தனர்; இது பெரும் பேறு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுள் பலர் மேடையை இழந்தனர். பாலசரசுவதியைப் போல் உலகம் போற்ற ஆடியோர் மிகச் சிலரே. நட்டுவனார்களோ, கோயிற் பங்கையும் மாணவியரின் வருவாயையும் நம்பி வாழ இயலாமல், புதிய மாணவியர் இருந்த நகரங்களை நாடலாயினர்.

பரோடாவும் பம்பாயும்

தமிழ்நாட்டுக் கலைஞர் வடக்கே சென்றது அதுவே முதன்முறை அன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1880இல், பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் தஞ்சை அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, மணமகளோடு ஆடல் மகளிரும் நட்டுவனாரும் இசைவாணரும் அந்நகருக்குச் சென்றனர். காந்திமதி, கௌரா என்னும் இருவர் அவ்வரசவையில் ஆடிய பெயர் பெற்ற ஆடலணங்குகள். காந்திமதியின் மகன் குபேரநாத் தஞ்சோர்க்கர் பிற்காலத்தில் குசராத்தில் பரதநாட்டிய ஆசிரியராக விளங்கினார். ஊர்ப்பெயரே குடும்பப் பெயராக நின்றது ஒன்றே போதும், அவர்கள் எதனை விட்டு வந்தனர், எதனை விடாமல் வைத்திருந்தனர் என்பதை உணர்த்த.

அவர்கள் அரசன் அழைக்கச் சென்றவர்கள். பம்பாய்க்கு வந்த நட்டுவனார்களோ, நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களை நம்பி வந்தவர்கள். திருவிடைமருதூர்க் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945இல் மாதுங்காவில் ஸ்ரீ ராஜராஜேசுவரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கினர். குப்பையா பிள்ளையின் மருமகன் கோவிந்தராஜ பிள்ளையும், மகன்மார் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரம் பிள்ளையும் அங்கே தலைமுறைகளைப் பயிற்றினர். தமிழர் பிள்ளைகளோடு மராத்தியர், குசராத்தியர் பிள்ளைகளும் அங்கே தட்டடவு பழகினர். குருவின் வருவாய் மாணவியின் மேடையிலிருந்து அன்றி, பெற்றோரின் மாதச் சம்பளத்திலிருந்து வந்தது. அரங்கேற்றத்தின் பொருள் மாறத் தொடங்கிய இடம் இதுவே எனலாம். இதற்காக எவரையும் குறை கூற இயலாது; அவ்வேற்பாடு இல்லையேல் அக்கலை இங்கே வேரூன்றியிராது.

கற்பிக்க ஆசிரியர் கிடைத்தபின், கேட்கவும் காணவும் அவை வேண்டுமன்றோ? 1952இல் பம்பாயில் ஸ்ரீ சண்முகானந்த சபை உருவாயிற்று. 1963இல் அதன் பேரரங்கம் எழுந்தது. 1990இல் தீ விபத்துக்கு இரையாகிய அவ்வரங்கம் 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. அரசனும் கோயிலும் செய்த பணியை, உறுப்பினர் சந்தாவைக் கொண்டு நம்மவர் செய்து காட்டினர்.

குரல் மட்டும் நுழைந்த வாயில்

சபைகளோடு ஒருங்கே வளர்ந்த மற்றொரு வாயில் வானொலி. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. 1950களில் வானொலியில் இசைவாணர்க்குக் குரல் தேர்வு வைத்து, தரம் பிரித்து, தரத்திற்கேற்ற ஊதியம் வழங்கும் முறை வலுப்பெற்றது. மூத்த வித்துவான்களையும் தேர்வுக்கு உட்படுத்துவதா என்று அக்காலத்தில் எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் செல்வமோ செல்வாக்கோ இல்லாத இளைஞர் ஒருவர், தம் குரலை மட்டும் நம்பி விண்ணப்பம் எழுதத்தக்க ஓர் இடம் நாட்டில் இருந்தது. தேர்ந்தவருக்கு ஓராண்டில் சில நிகழ்ச்சிகளேனும் கிடைத்தன. மீண்டும் மீண்டும் பாடும் வாய்ப்பும், பாடியதற்குச் சிறு ஊதியமும் அமைந்தன.

வேண்டுவது இரண்டாம் மேடை

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகின்றது. அரசவையாயினும் கோயிலாயினும், கம்பெனியாயினும் வானொலியாயினும், தொடக்கக் கலைஞனுக்கு அவை மூன்றினை வழங்கின: தகுதியை ஆராயும் அவை, செய்த பணிக்கு ஓர் ஊதியம், அடுத்து ஏறுவதற்கு ஒரு மேடை. இன்றைய அரங்கேற்றத்தில் இம்மூன்றும் இல்லை. அவையில் அமர்வோர் உற்றார் உறவினர்; அவர்கள் ஆராய வருபவர் அல்லர், வாழ்த்த வருபவர். மண்டப வாடகை, பக்கவாத்தியம், ஆடை அணிகலன், விருந்து என எல்லாச் செலவும் பெற்றோருடையது. மாதவிக்கு அவை பொன் தந்தது. இன்று பொன் தந்து அவையைக் கூட்டுகின்றோம். அடுத்த மேடையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

பணம் படைத்தோர் பிள்ளைக்கு அரங்கேற்றம் ஒரு நாள் விழாவாகவேனும் நிகழ்ந்துவிடும். திறனிருந்தும் செலவு செய்ய இயலாத எழுத்தர் மகளுக்கும் ஓட்டுநர் மகனுக்கும் அந்த ஒரு நாளும் இல்லை. குலத்தால் அடைபட்டிருந்த வாயிலைத் திறந்துவிட்டோம் என மகிழ்ந்திருக்கையில், அதனைப் பணத்தால் அடைத்துவிடலாகாது.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. நம் சங்கங்கள் ஆண்டு முழுதும் விழா நடத்துகின்றன; வெளியூரிலிருந்து புகழ்பெற்றோரை வருவிக்கின்றன. அப்பெரிய கச்சேரிகளுக்கு முன் அரைமணி நேரம் நம்மிடையே வளரும் இளைஞர் ஒருவருக்கு ஒதுக்கலாம். அவரைப் பெற்றோரின் செல்வாக்கால் அன்றி, அறிந்தோர் இருவர் மூவர் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். வெற்றிலைத் தட்டில் வைத்து ஒரு சிறு தொகையேனும் வழங்கலாம். தொகை சிறிதாயினும், அது தம் உழைப்புக்குக் கிடைத்தது என்னும் உணர்வு பெரிது. அரங்கேறிய பெண்ணை மறு ஆண்டு மீண்டும் அழைத்து, ஓராண்டில் அவர் அடைந்த வளர்ச்சியைக் காணலாம். மிருதங்கம் பயிலும் சிறுவனை அவருக்கு வாசிக்க அமர்த்தலாம். அவ்வாறு செய்யின் ஒரே மாலையில் இருவருக்கு மேடை கிடைக்கும்.

நம் பிள்ளைகள் யாவரும் கலையையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. மருத்துவராகவும் பொறியாளராகவும் வாழ்ந்துகொண்டே, ஆண்டுக்கு நான்கு முறை மேடையேறுவோரும் கலையைக் காப்பவரே. அவர்களுக்கு நாம் அளிக்க வேண்டியது மலர்மாலை மட்டுமன்று. மறுமுறை ஏற ஓர் அரங்கு. அந்த அரங்கை அளந்து கட்டும் கோல் இன்று நம் சங்கங்களின் கையில் உள்ளது.